மண்ணிற் கரைந்த மின்னோட்டம்: நெட்டலைத் தந்தி நிலையங்களின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கம்பியில்லாத் தந்தியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி எழுந்த நூல்கள் பெரும்பாலும் கோபுரங்களின் கதையாகவும் இயந்திரங்களின் கதையாகவுமே அமைந்துள்ளன. 1901ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து விடுக்கப்பட்ட ‘எஸ்’ என்னும் எழுத்தின் மூன்று புள்ளிகளை, நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றிலே பட்டத்திற் கட்டித் தூக்கிய கம்பியின் துணைகொண்டு தாம் கேட்டதாக மாக்கோனி அறிவித்தார். அதன் பின்னர் ஒவ்வொரு நாடும் எத்தனை அடி உயரத்திற் கோபுரம் எழுப்பியது, எத்தனை கிலோவாற்று வலுவுள்ள இயந்திரத்தை அமைத்தது என்பனவே பெருமையாகப் பேசப்பட்டன. ஆனால் அவ்வியந்திரங்கள் பிறப்பித்த வலுவில் எத்துணைப் பங்கு அலையாகப் புறப்பட்டது, எத்துணைப் பங்கு நிலையத்தின் காலடி மண்ணைச் சூடாக்குவதிற் கழிந்தது என்ற வினாவை அந்நூல்கள் அதிகம் எழுப்பவில்லை. நெட்டலைக் காலத்தில் அவ்வினாவின் விடையிலேயே ஒரு சிறிய நாடு பிறர் தயவின்றிக் கடல் கடந்து பேசுதல் கூடுமா என்பதும் தங்கியிருந்தது.

கதை ஹைன்றிச் ஹேர்ட்ஸிடமிருந்து தொடங்குகிறது. 1887, 1888ஆம் ஆண்டுகளிற் காள்ஸ்றூ நகரில் மின்காந்த அலைகளைப் பரிசோதனையாற் காட்டிய அவர், 1889இல் ஒரு குட்டையான அலைவியிலிருந்து அலை எவ்வாறு பிரிந்து செல்கிறது என்பதை மாக்ஸ்வெலின் சமன்பாடுகளைக் கொண்டு கணித்தும் காட்டினார். அக்கணிப்பின் சாரம் எளியது. கம்பியின் நீளம் அலைநீளத்தை நோக்கச் சிறுத்துச் செல்லச் செல்ல, அது வீசும் வலு அவ்விகிதத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து செல்லும். விகிதம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே மின்னோட்டத்தால் வீசப்படும் வலு நூறில் ஒன்றாகக் குறையும். 1894ஆம் ஆண்டு முதல்நாளில், 36 வயதிலே இறந்துபோன ஹேர்ட்ஸ் தம் கணிப்பைத் தந்திக்கு எவரும் பயன்படுத்தியதைக் காணவில்லை. அவ்வாறு பயன்படுத்தியோரும் நெடுங்காலம் அச்சூத்திரத்தை நினைவிற் கொண்டதாகத் தெரியவில்லை.

இங்கு மின்னோட்டத்தின் போக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஒரு வான்கம்பியின் அடியில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது மேல்நோக்கி ஓடும். நுனிக்கு அப்பால் அதற்குப் போக்கிடமில்லை. ஆதலின் நுனியில் ஓட்டம் பூச்சியமாகும். அலைநீளத்தை நோக்க மிகக் குட்டையான கம்பியாயின், அடியிலிருந்து நுனிவரை ஓட்டம் ஒரு முக்கோணத்தின் சரிவைப்போலச் சீராகக் குன்றிச் செல்லும். எனவே கம்பியின் சராசரி ஓட்டம் அடியோட்டத்தின் பாதியே. தொலைவிற் சென்று சேரும் அலையின் வன்மை இச்சராசரி ஓட்டத்தையும் கம்பியின் உயரத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது. வீசப்படும் வலுவோ அத்தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே கம்பியை ஓர் அடிதானும் உயர்த்தாமல், ஓட்டத்தை மட்டும் நுனிவரை குன்றாது ஓடச் செய்துவிட்டால், அதே கம்பி அதே அடியோட்டத்தில் நான்கு மடங்கு வலுவை வீசும்.

அதைச் செய்யும் வழி ஹேர்ட்ஸின் முதற்கருவியிலேயே இருந்தது. அவருடைய கம்பியின் இரு முனைகளிலும் துத்தநாக உருண்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. முனையில் இவ்வாறு கொள்ளளவம் இருக்குமாயின், ஓட்டம் அங்கு சென்று தேங்குவதற்கு இடங்கிடைக்கிறது; கம்பியின் நெடுகிலும் அது குன்றாது ஓடுகிறது. மாக்கோனியும் தொடக்கத்திலே தம் கம்பத்தின் உச்சியில் தகரப் பெட்டிகளையும் தகடுகளையும் ஏற்றிப் பார்த்தார். ஆயின் கம்பியின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டபின் அவற்றைக் கைவிட்டார். அக்காலத்து அலைநீளங்கள் சிறியனவாகையால் அம்முடிவினாற் பெரிய தீங்கு விளையவில்லை. இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் 1897இல் விண்ணப்பித்த காப்புரிமையில் அகன்ற கூம்புகளை முனைகளாகக் கொண்ட அமைப்பை விவரித்தார். இவ்விருவருள் யார் முந்தியவர் என்ற வழக்குகள் பலவாறு பேசப்பட்டுள்ளன. முனைக் கொள்ளளவத்தைப் பொறுத்தவரை லொட்ஜின் நோக்கே பின்வந்த கால் நூற்றாண்டுக்குப் பொருந்தியது எனலாம்.

ஏனெனில் அலைநீளம் விரைந்து பெருகத் தொடங்கியது. 1902இல் ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலிற் சென்ற மாக்கோனி, இரவில் 2000 மைலுக்கு அப்பாலும் கேட்ட குறிகள் பகலில் 700 மைலுடன் மறைந்துவிடுவதைக் கவனித்தார். நீண்ட அலைகள் பகலிலும் தளராது செல்லும் என்று அனுபவத்தாற் காணப்பட்டதும், நிலையங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நெட்டலைகளை நாடின. சில நூறு மீற்றராக இருந்த அலைநீளம் பத்தாண்டுகளுள் பல ஆயிரம் மீற்றராயிற்று. கோபுரங்களோ அவ்வாறு வளரவில்லை. வளர முயன்றவற்றுக்குக் காற்று பகையாயிற்று. போல்டுவில் வட்டமாக நிறுத்தப்பட்டிருந்த இருபது கம்பங்கள் 1901 செப்ரெம்பரிலேயே புயலில் வீழ்ந்தன. அமெரிக்காவின் றெஜினால்ட் பெசென்டன் ஸ்கொத்லாந்தின் மக்ரிஹானிஷில் எழுப்பிய கோபுரம் 1906 டிசெம்பரிற் சாய்ந்தது. ஜேர்மனியின் நௌவென் நிலையத்தில் 200 மீற்றராக உயர்த்தப்பட்ட கோபுரம் 1912இல் விழுந்தது. கண்ணுக்கு விண்ணளாவித் தோன்றிய இக்கோபுரங்கள், தாம் தாங்கிய அலைகளை நோக்க, முழங்கால் உயரமும் அற்றவையாயின.

நௌவெனில் 1906இல் ரெலிபுங்கன் நிறுவனத்தார் அமைத்த வான்கம்பி குடை போன்றது. கோபுர உச்சியிலிருந்து பல கம்பிகள் நாற்புறமும் சரிந்து இறங்கின. அக்குடைக்கம்பிகள் தாமே அலை வீசுவதற்காக அமைந்தவையல்ல. நடுவே நிமிர்ந்து செல்லும் கம்பியில் ஓட்டத்தை உச்சிவரை நிலைநிறுத்துவதற்கு அமைந்தவை. இதிலும் ஓர் எல்லை உண்டு. குடைக்கம்பிகளை மிகத் தாழ இறக்கினால் அவற்றிற் கீழ்நோக்கி ஓடும் ஓட்டம் நடுக்கம்பியின் மேல்நோக்கிய ஓட்டத்தைத் தொலைவில் எதிர்த்து நிற்கும். மாக்கோனியார் வேறு வழியிற் சென்றனர். 1907இல் வணிகத் தந்திச் சேவையைத் தொடங்கிய அயர்லாந்தின் கிளிப்டன் நிலையத்திற்போலக் குறுகிய நேர்க்கம்பியின் தலையிலிருந்து மிக நீண்ட கம்பிகளைக் கிடையாக இழுத்துச் சென்றனர். கிடைக்கம்பியினால் அலை ஒரு திசையில் மிகுந்து செல்லும் என்பது அவர்களது கருத்து. உண்மையில் தரையின் அருகே கிடையாக ஓடும் ஓட்டம், தரையில் அதற்கு எதிராகத் தோன்றும் ஓட்டத்தினாற் பெரிதும் அழிக்கப்பட்டுவிடும்; அக்கிடைக்கம்பி செய்த பெரும்பணி நேர்க்கம்பியின் ஓட்டத்தைக் குன்றாது காத்தமையே. காரணம் தவறாயிருந்தும் காரியம் கைகூடிய இத்தகைய நிகழ்ச்சிகள் பொறியியல் வரலாற்றில் அரியனவல்ல.

1908இல் ஜேர்மானியரான றைன்ஹோல்ட் றூடன்பேர்க் கதிர்வீச்சுத் தடை என்னும் கருத்தைக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்ந்தார். அலையாக வெளியேறும் வலுவை, அவ்வலுவை விழுங்கும் ஒரு தடை கம்பியில் இருப்பதாகக் கொண்டு ஓம் கணக்கிற் கூறும் முறை இது. கம்பியின் தடை, சுருளின் தடை, மண்ணின் தடை ஆகிய இழப்புத் தடைகளுடன் கதிர்வீச்சுத் தடையை ஒப்பிட்டால் நிலையத்தின் வினைத்திறன் உடனே தெரிந்துவிடும். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த லூயி ஒஸ்ரின், 1909, 1910ஆம் ஆண்டுகளில் பிராண்ட் றொக் நிலையத்தின் குறிகளைப் ‘பேர்மிங்ஹாம்’, ‘சேலம்’ என்னும் போர்க்கப்பல்களில் அளந்து ஒரு சூத்திரத்தை வகுத்தார். அச்சூத்திரத்தில் இயந்திரத்தின் கிலோவாற்று இடம்பெறவில்லை. வான்கம்பியின் பயன்படு உயரமும் அதில் ஓடிய அம்பியரும் இடம்பெற்றன. பின்னர் நெட்டலை நிலையங்களை ‘மீற்றர்-அம்பியர்’ அளவில் மதிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது.

இம்முறையில் அளந்தபோது வெளிப்பட்ட உண்மை கசப்பானது. நெட்டலை நிலையமொன்றின் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமின் சிறு பின்னமே. இழப்புத் தடைகளோ சில ஓம். வான்கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே வெளியினூடாகச் செல்லும் மின்னோட்டம், கம்பியின் தொலைமுனைக்குக் கீழே மண்ணில் இறங்கி, மீண்டும் நிலையத்துக்கு மண்ணினூடாகவே திரும்புதல் வேண்டும். கம்பி ஒரு மைல் நீண்டதாயின் மண்வழியும் ஒரு மைல். நெடுவாய்க்காலில் இறைத்த நீர் பாத்தியை அடையுமுன்னரே பாதி மண்ணுக்குப் போய்விடுவதைக் கண்ட தோட்டக்காரனுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இந்த இழப்பு அரசியற் பொருளுடையதானது முதலாம் உலக மகாயுத்தத்தின் போதாகும். 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் அதிகாலையில் ‘அலேட்’ என்னும் பிரித்தானியக் கப்பல் ஆங்கிலக் கால்வாயிற் கிடந்த ஜேர்மனியின் கடலடித் தந்தி வடங்களை அறுத்தது. அதன்பின் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற வடங்கள் பெரும்பாலும் பிரித்தானியாவின் கையில் இருந்தன. நடுநிலை நாடாகிய சுவீடனின் தந்திகளும் அவ்வழியே சென்றன. சுவீடனின் வெளிநாட்டமைச்சு தன் தந்திகளுடன் ஜேர்மனியின் இரகசியத் தந்திகளையும் அனுப்ப இடமளித்ததைப் பிரித்தானியக் கடற்படையின் மறைகுறி வல்லுநர் கண்டுகொண்டனர். 1917இல் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த காரணங்களுள் ஒன்றான சிம்மர்மான் தந்தியும் பிரித்தானிய மண்ணைத் தொட்டுச் சென்ற வடத்திலேயே அவர்களிடம் அகப்பட்டது. பிறருடைய வடத்தில் அனுப்பும் மடல் பிறர் கண்ணிற்படும் என்பதைச் சுவீடன் மக்கள் நன்கு உணர்ந்தனர். அவர்களுக்கு அமெரிக்கா அந்நிய நாடு மாத்திரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் அங்கு குடிபெயர்ந்து சென்றிருந்தனர். வீட்டுக்கு வீடு அக்கரையில் உறவினர் இருந்த காலம் அது.

அவ்வாறு சென்றோருள் ஒருவர் ஏர்ண்ஸ்ற் அலெக்சாண்டர்சன். 1878இல் உப்சாலாவிற் பிறந்து ஸ்ரொக்கோமிலும் பேர்லினிலும் கற்ற அவர், ஸ்ரைன்மெற்ஸ் என்ற மின்பொறியியல் அறிஞரின் நூலைப் படித்து அவரிடம் பணிபுரிய விரும்பி 1901இல் அமெரிக்கா சென்றார். (ஸ்ரைன்மெற்ஸும் ஜேர்மனியில் அரசியற் கொள்கையினால் இன்னலுற்று வெளியேறியவரே.) ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்திற் சேர்ந்த அலெக்சாண்டர்சனிடம், பெசென்டனுக்காக மிகுந்த மீடிறனுடைய ஆடலோட்டத்தைத் தரும் மின்பிறப்பாக்கியை வடிவமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. தீப்பொறியினால் விட்டுவிட்டுப் பிறந்த அலைகளுக்குப் பதிலாகத் தொடரலையைத் தந்த அவ்வியந்திரத்தால் அவர் புகழ்பெற்றார். ஆயினும் அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு, புகழிற் குறைந்ததாயினும், பயனில் அதற்கு இளைத்ததன்று.

நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக்கில் மாக்கோனி நிறுவனம் அமைத்திருந்த வான்கம்பி ஏறத்தாழ ஒரு மைல் நீளமானது. 400 அடிக் கோபுரங்களில் தாங்கப்பட்டது. 13,600 மீற்றர் அலைநீளத்தில், அக்கோபுர உயரம் முழுவதும் பயன்பட்டதாகக் கொண்டு கணித்தாலும் கதிர்வீச்சுத் தடை எட்டில் ஒரு பங்கு ஓமுக்கு மேற்படாது. மொத்தத் தடையோ ஏறத்தாழ நான்கு ஓம். அஃதாவது நூறு கிலோவாற்றைச் செலுத்தினால் மூன்றே கிலோவாற்று அலையாகும். எஞ்சிய அனைத்தும் வெப்பமாகும். அலெக்சாண்டர்சன் அக்கம்பியின் ஒரு முனையிலிருந்து மட்டும் ஓட்டத்தைச் செலுத்தும் முறையை மாற்றினார். நெடுகிலும் பல இடங்களிற் கீழிறங்கும் கம்பிகளை அமைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் இசைவிப்புக்கான தூண்டற்சுருளொன்றை வைத்து, ஆங்காங்கே நிலத்துடன் இணைத்தார். இயந்திரம் ஒன்றே. ஆனால் எல்லா இறங்குகம்பிகளிலும் ஓட்டம் ஒரே வேளையில் எழுந்து ஒரே வேளையில் தணிந்தது. ஒவ்வொரு பகுதியின் ஓட்டமும் தன் காலடியிலேயே மண்ணிலிருந்து மீண்டும் ஏறியது. ஒரு மைல் மண்வழியை எந்த ஓட்டமும் கடக்கவேண்டியிருக்கவில்லை. ஒரே கிணற்றிலிருந்து தோட்டம் முழுவதற்கும் வாய்க்கால் வெட்டாமல் மூலைக்கு மூலை கிணறு தோண்டியதை ஒத்தது இது.

இதன் கணக்கும் நோக்கத்தக்கது. ஓட்டத்தை ஆறு கால்களிற் பகிர்ந்தால் ஒவ்வொரு காலிலும் ஆறில் ஒரு பங்கே ஓடும். இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் ஒவ்வொரு காலின் இழப்பும் முப்பத்தாறில் ஒன்றாகும். ஆறு கால்களையும் கூட்டினாலும் முன்னைய இழப்பில் ஆறில் ஒரு பங்கே. தொலைவிற் சென்று சேரும் அலைக்கோ ஆறு ஓட்டங்களும் ஒன்றாய்க் கூடியே பயன் தரும். நியூ பிரன்ஸ்விக்கில் மொத்தத் தடை நான்கு ஓமளவிலிருந்து அரை ஓமளவுக்கு இறங்கியது. கோபுரம் ஓர் அங்குலமேனும் உயரவில்லை. ஓட்டத்தின் பாதை மாறியது, அவ்வளவே. 1918 ஜனவரியில் ஜனாதிபதி வில்சனின் 14 அம்சத் திட்டம் ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பப்பட்டது அந்நிலையத்திலிருந்தே. அலெக்சாண்டர்சனின் இயந்திரங்களைப் பிரித்தானியரின் செல்வாக்குக்குட்பட்ட மாக்கோனி நிறுவனம் வாங்க முற்பட்டபோது, அமெரிக்கக் கடற்படை குறுக்கிட்டது. அதன் விளைவாக 1919 ஒக்ரோபரில் ஆர்.சீ.ஏ. எனப்படும் அமெரிக்க வானொலிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று.

சுவீடனின் பாராளுமன்றம் 1920இல் அமெரிக்காவுடன் நேரடித் தந்தித் தொடர்புக்கான பெருநிலையமொன்றை அமைக்கத் தீர்மானித்தது. தெரிந்தெடுக்கப்பட்டது மேற்குக் கரையில் வார்பேர்க் நகரருகேயுள்ள கிறிமெற்றன் என்னும் கிராமம். நோர்வேயின் தெற்கு முனைக்கும் டென்மார்க்கின் வடக்கு முனைக்கும் இடையே புகுந்து, ஸ்கொத்லாந்துக்கு வடக்காக, நியூயோர்க் வரை அலை கடல்மேலேயே செல்லத்தக்க இடம் அது. உவர்நீர் மின்னோட்டத்தை நன்கு கடத்தும். ஆதலால் அலை கடல்மேற் செல்கையில் வன்மை குன்றுவது குறைவு. அங்கு 127 மீற்றர் உயரமான ஆறு கோபுரங்கள் 380 மீற்றர் இடைவெளியில் ஒரே வரிசையில் எழுந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் 46 மீற்றர் நீளமான குறுக்குக்கை. அக்கைகளின்மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பிகள் ஓடின. ஆறு இடங்களில் இறங்குகம்பிகள். அவற்றின் அடியில் ஆறு பெருஞ்சுருள்கள். மண்ணிற் புதைத்த செம்புக் கம்பிகள். 1924 டிசெம்பர் முதலாம் நாள் சேவை தொடங்கியது. 1925 யூலை 2ஆம் நாள் மன்னர் ஐந்தாம் குஸ்ராவ் நிலையத்தை முறைப்படி திறந்துவைத்தபோது, கால் நூற்றாண்டின் முன் நாட்டைவிட்டுச் சென்ற அலெக்சாண்டர்சனும் உடனிருந்தார்.

கிறிமெற்றனின் மின்பிறப்பாக்கி 200 கிலோவாற்று வலுவுடையது. விளிம்பில் 488 துளைப்பிளவுகளைக் கொண்ட உருக்குத் தட்டொன்று நிமிடத்துக்கு 2115 தடவை சுழல்கிறது. இரண்டையும் பெருக்கி அறுபதால் வகுத்தால் வினாடிக்கு 17,200 அலைவுகள் கிடைக்கும். அதற்குரிய அலைநீளம் 17,430 மீற்றர். அவ்வலைநீளத்தின் காற்பங்குக்கு நிமிர்ந்த கோபுரம் எழுப்புவதாயின் அது 4 கிலோமீற்றரையும் தாண்டிப் பீதுருதாலகால மலையின் ஒன்றே முக்கால் மடங்கு உயர்ந்து நிற்றல் வேண்டும். கிறிமெற்றனின் கோபுரமோ அலைநீளத்தில் 137இல் ஒரு பங்கு. ஓட்டம் உச்சிவரை சற்றும் குன்றாதெனக் கொண்டாலும் அதன் கதிர்வீச்சுத் தடை பன்னிரண்டில் ஒரு பங்கு ஓமே. இத்துணைச் சிறிய தடையுடன் பெருங்கடல் கடந்து பேச முடிந்தமைக்குக் காரணம், மண்ணிலும் சுருளிலும் இழப்பை அதனோடு ஒப்பிடத்தக்க அளவுக்கேனும் இறக்கியமையே.

இவ்வெற்றி நீடிக்கவில்லை என்பது அந்நிலையத்தின் துயரம். 1921 டிசெம்பரில் அமெரிக்கப் பொழுதுபோக்கு வானொலியாளரின் குறிகள் 200 மீற்றரளவான அலைகளில் ஸ்கொத்லாந்தின் ஆர்ட்றொசனிற் கேட்கப்பட்டன. 1923 நவெம்பரில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நூறு மீற்றரளவான அலையில் இருவழிப் பேச்சு நடந்தது. மேல்வளியின் மின்படைகள் சிற்றலைகளைத் தெறித்துத் திருப்பின. சிற்றலைக்கு வான்கம்பி குட்டையாயிருக்கவேண்டியதில்லை. சில மீற்றர்க் கம்பியே முழுப்பயன் தரும். பெருஞ்சுருளும் ஆறுகாலும் வேண்டாத செலவாயின. லோங் ஐலண்டின் றொக்கி பொயின்றில் ஆர்.சீ.ஏ. திட்டமிட்ட பன்னிரு வான்கம்பிகளுள் இரண்டே எழுந்தன. கிறிமெற்றனிலும் சிற்றலைக் கருவிகள் வந்து சேர்ந்தன.

எனினும் பிரச்சினை மறையவில்லை, இடம் மாறியது. மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்கள் பெருகியபோது, உயரமான கோபுரத்துக்குப் பணமின்றிக் குட்டையான கோபுரத்தை நிறுத்தியோர் அதே இழப்பைக் கண்டனர். 1937இல் ஜோர்ஜ் பிறவுண், லூயிஸ், எப்ஸ்ரைன் ஆகிய ஆர்.சீ.ஏ. பொறியியலாளர் மூவர் கம்பத்தின் அடியிலிருந்து ஆரைகளாக மண்ணிற் புதைத்த கம்பிகளின் தொகையை இரண்டிலிருந்து 113 வரை கூட்டிக்கூட்டி அளந்தனர். கம்பிகள் போதிய அளவு இருக்குமாயின், எட்டில் ஒரு பங்கு அலைநீளமுள்ள கம்பம் காற்பங்குக் கம்பத்துக்குப் பெரிதும் பிற்படாது என்று அவர்கள் காட்டினர். அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்களில் 120 ஆரைக்கம்பிகளைப் புதைக்கும் நியமம் இவ்வளவீட்டின் வழிவந்தது.

நெட்டலைக்கு எதிர்பாராத மறுவாழ்வு கடலுக்குள்ளிருந்து கிடைத்தது. சிற்றலை நீரின் மேற்பரப்பிலேயே மடிந்துவிடும். நெட்டலையோ சில மீற்றர் ஆழம் உட்புகும். நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கட்டளையிட வேறு வழியின்மையால் வல்லரசுகள் மீண்டும் குட்டையான பெருங்கோபுரங்களிடம் வந்தன. 1961இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக் கற்லரில் 26 கோபுரங்களுடன் அமைந்த கடற்படை நிலையம் 1000 கிலோவாற்றளவை அலையாகவே வீசும் ஆற்றலுடையது. நமது கடலுக்கு அக்கரையில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990இல் இந்தியக் கடற்படை நிறுவிய நிலையமும் இவ்வினத்ததே. அதற்குக் கட்டபொம்மன் என்று பெயர். கிறிமெற்றனின் பழைய இயந்திரம் காக்கப்பட்டதற்கும் சுவீடன் கடற்படையின் நீர்மூழ்கிகளே காரணம். தந்திக்காகப் பிறந்த நிலையம் போருக்கான காத்திருப்பில் உயிர்தப்பியது.

கிறிமெற்றனை யுனெஸ்கோ 2004இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. எஸ்.ஏ.கியூ. என்னும் அழைப்புக் குறியுடன், யூலை 2ஆம் நாளுக்கு மிக அண்மையான ஞாயிறன்று நடைபெறும் அலெக்சாண்டர்சன் நாளிலும், நத்தாருக்கு முந்திய நாளிலும் அங்கிருந்து மோர்ஸ் குறியிற் செய்தி அனுப்பும் வழக்கம் உண்டு. அந்நாட்களில் உருக்குத் தட்டின் ஊளையைக் கேட்கவும் ஆறு கோபுரங்களை அண்ணாந்து பார்க்கவும் மக்கள் கூடுகின்றனர். ஓட்டத்தை மண்ணிலிருந்து மீட்டெடுக்கும் செம்புக் கம்பிகள் அவர்கள் நிற்கும் புல்வெளியின் கீழே புதைந்து கிடக்கின்றன.